நீலக்காளானும் வாயாடிக் கீரியும்

மலைச்சோலையில் ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. பாடம் நடத்தியது கரடியம்மா. முதல் மதிப்பெண் எப்போதும் கீரிக்குத்தான். அதை நாம் சொல்ல வேண்டியதில்லை, கீரியே சொல்லிவிடும்.

அந்த வருடப் பாடம் நீலக்காளான். அதைத் தின்றால் மரம் மூச்சுவிடும், பாறை பேசும். விளையாட்டாகத் தின்று பள்ளத்தில் விழுந்தவர்கள் உண்டு. ஆனால் மனத்தில் பயம் தங்கிப்போனவர்களுக்கு அளவறிந்து கொடுத்தால் சிலசமயம் குணமாகும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, எவ்வளவு என்பதையெல்லாம் கீரி ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டது.

செய்முறை வகுப்புதான் கசந்தது. காலையிலிருந்து நிழல் சாயும்வரை ஒரு பாறைக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும்.

“பாறைக்கு என்ன வியாதிம்மா?” என்றது கீரி.

“பாறை நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வியாதி.”

கீரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் முதல், வருகைப் பதிவில் தன் பெயருக்கும் ‘உள்ளேன் அம்மா’ சொல்லும்படி கூடப் படிக்கும் முள்ளம்பன்றியிடம் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டியது.

தேர்வுக்கு வந்த நோயாளி ஒரு கடமான். குளக்கரையில் அதன் குட்டியைப் புலி அடித்துவிட்டது. அன்றிலிருந்து மான் குளத்துப் பக்கமே போவதில்லை. பனித்துளியை நக்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது, பாவம். கோடை வந்து பனி நின்றால் பிழைக்காது.

கரடியம்மா காளானை அளந்து தந்தது. கீரி அதை மானுக்குக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் மானின் கண்கள் விரிந்தன.

“என் குட்டி தெரியுது...”

கீரிக்கு நாக்கு அரித்தது. “அது குட்டியில்ல, மாயத்தோற்றம். பாடப்புத்தகம் பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு. அடுத்து புலி தெரியும், பயப்படாதீங்க.”

“புலியா!”

மான் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. கரடியம்மா குறுக்கே விழுந்து தடுத்ததால் தப்பியது.

கீரி பின்வாங்கியது. “முள்ளம்பன்றியைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கம்மா. நான் பாறை வகுப்புக்கு வரவே இல்லை.”

“தெரியும். முள்ளம்பன்றி குரல் எனக்குத் தெரியாதா? மருந்து கொடுத்தது நீ. நீயே உட்காரு.”

கீரி உட்கார்ந்தது. மான் அழுதது, உதைத்தது. கட்டெறும்பு கீரியின் வாலைக் கடித்தது. பன்னிரண்டாம் பக்கம் தொண்டைவரை வந்தது. கீரி அதை விழுங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. மானைப் பார்க்கப் பார்க்க அதற்கே அழுகை வந்தது.

நிழல் சாய்ந்தபோது மான் மெல்லக் கேட்டது: “பக்கத்துல யாராவது இருக்கீங்களா?”

“உள்ளேன் அம்மா,” என்றது கீரி.

மறுநாள் காலை இருவரும் குளத்துக்குப் போனார்கள். வழியில் மான் நான்கு முறை நின்றது. நான்கு முறையும் கீரி வாய் திறக்காமல் கூடவே நின்றது. பிறகு மான் தலை குனிந்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

மருந்தின் குணம் தெரிந்தால் மட்டும் போதாது, நோயாளி பயப்படும் நேரத்தில் பேசாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்தவரே நல்ல வைத்தியர்.