முதுகு காட்டுன பூனை

எல்லாரும் உக்காருங்க. ஏ, அங்க பேசுறவங்க, வாயைக் கொஞ்சம் மடிச்சு வையுங்க. சின்னக் கதைதான், நீங்க கொட்டாவி விடுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

ஆத்தங்கரை மடத்துல ஒரு சாமி. அவருக்குத் தெய்வநாயகம்னு ஒரு சீடன், ரிட்டையர்டான பஸ் டிரைவரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து சாமிக்குத் தலை மழிச்சு விடுறது அவரு சேவை. அன்னைக்கு வரும்போது கையில ஒரு கட்டைப்பை, பின்னாடி சம்சாரம் காந்திமதி. அந்தம்மா வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். மிச்சத்தை எல்லாம் இவரு பேசித் தீத்துருவாரு.

பைக்குள்ள பூனை. பேரு கிளட்ச்.

"இதை இங்கயே விட்டுட்டுப் போறேன், சாமி." குரலு, மேட்டுல ஏறுற பழைய வண்டி கணக்கா.

"ஏன், கடிக்குதா?"

"கடிச்சாக்கூடத் தேவலையே. ஒரு வருஷமா நெத்திலி வாங்கி, தலையைக் கிள்ளி, என் கையால ஊட்டுதேன். தின்னுட்டு என் பக்கத்துலயே வந்து முதுகைக் காட்டிட்டு உக்காருது. ரோட்டுல எவனாச்சும் இப்படிப் பின்பக்கத்தைக் காட்டிட்டு நின்னா ஹாரன் அடிச்சே நகத்திருவேன். இதுக்கும் அடிச்சுப் பார்த்தேன், வாயாலயே. பாம், பாம்னு."

"திரும்புச்சா?"

"காதை மட்டும் திருப்புச்சு. என்ன கொழுப்பு பாருங்க."

சாமி சிரிப்பை அடக்கிக்கிட்டாரு.

"போன வாரம் மூணு நாள் காய்ச்சல், சாமி. கால்மாட்டுல வந்து உக்காந்துச்சு. மூணு நாளும் வாசலையே பார்த்துக்கிட்டு. இருக்கானா செத்தானான்னு ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கக் கூடாதா?"

அழுகை வெளிய தெரியாம இருக்க ரெண்டு இருமல் இருமுனாரு.

சாமி மணையை இழுத்துப் போட்டு, நாயகத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து, தலையைக் குனிஞ்சாரு.

நாயகம் தண்ணி தெளிச்சு, கத்தியைத் தீட்டி, ஆரம்பிச்சாரு. கை மழிக்குது, வாய் பூனையைத் திட்டுது. பாதித் தலை முடிஞ்சு கத்தி பிடரிக்கு வந்துச்சு.

"நாயகம், கையில என்ன?"

"கத்தி."

"கூரா இருக்கா?"

"இப்பத்தானே தீட்டுனேன். ஆடாதீங்க சாமி."

"என் கண்ணு எப்படி இருக்கு?"

எட்டிப் பார்த்தாரு. "மூடியிருக்கு. பாதித் தூக்கம்."

"கழுத்துல கத்தி இருக்கையில எப்படித் தூக்கம் வருது?"

"நான்தானே பின்னாடி நிக்கேன்..."

அந்த இடத்துல நாயகம் பிரேக் போட்டுட்டாரு.

கத்தியைக் கீழ வச்சாரு. போயி பையைத் திறந்தாரு. கிளட்ச் வெளிய வந்துச்சு. புது இடம், புது வாசனை, மூலையில மடத்து நாய் வேற. பூனை ஒரு நிமிஷம் நின்னுச்சு. நேரா வந்து நாயகத்தோட கால்ல பின்பக்கத்தை அழுத்தி, நாயைப் பார்த்து உக்காந்துருச்சு.

"ஏ கிளட்ச்."

காது ஒண்ணு அவரு பக்கம் திரும்புச்சு.

நாயகம் ஒரு வாரத்து மூச்சையும் சேத்து விட்டாரு. குனிஞ்சு அந்த முதுகைத் தடவுனாரு. உள்ளுக்குள்ள குர்ர்ருன்னு இஞ்சின் ஓடுச்சு.

"சாமி, மூணு நாளும் இது எனக்குக் காவல்ல இருந்திருக்கு. நான் என்னடான்னா பையில போட்டு..."

"அதை அதுகிட்ட சொல்லு. நான் பாதித் தலையோட உக்காந்திருக்கேன்."

காந்திமதி கீழ கிடந்த கட்டைப்பையை எடுத்து நாலா மடிச்சு, கக்கத்துல வச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவா வாயைத் திறந்தா.

"முப்பத்தொரு வருஷமா இவுகளும் எனக்கு முதுகைக் காட்டித்தான் படுக்காக, சாமி. நான் எந்தப் பையில போட்டு எந்த மடத்துக்குத் தூக்கிட்டு வந்தேன்?"