மூட்டியவரே அணைக்க வேண்டும்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் பூதலிங்கம். மற்றவர்கள் பிறகு வருகிறார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சோறாக்கும் இடத்தில் பூதலிங்கம் தலைமைச் சமையல்காரன். வயதில் என்னைவிட இளையவன். செல்லக்கனி அரைக்கவும் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் வருவாள். மூன்றாவது ஆள் நான். என் பெயர் ஆவுடையப்பன்.

நான் சமைக்க வந்தவன் இல்லை. கேட்க வந்தவன்.

என் மனைவி செத்த பிறகு செங்கல் சூளை வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே இந்த மடத்துச் சாமி பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டார். சாமி பதில் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மழை கொட்டிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் நனைந்துகொண்டு நின்றேன். சாமியையும் குடை பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்தப் பதிலின் மீதியைக் கேட்கத்தான் மடத்துக்கு வந்தேன். படித்தவர்களுக்குச் சாமியின் புத்தகங்கள் இருக்கின்றன. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். இரண்டு வரிக்குள் தலை சுற்றும். எனக்குக் காது மட்டும்தான்.

சாமி நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் சபையில் பேசுவார். வெளியூர்க்காரர்கள் ஒருநாள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்; மடத்தில் வேலை பார்க்கிறவர் என்றைக்கும் போய் உட்காரலாம். அதற்காகத்தான் சமையற்கட்டில் சேர்ந்தேன்.

முதல் நாள் பூதலிங்கம் என்னைக் கோட்டை அடுப்பின் முன்னால் அழைத்துப் போனான். பெரிய அண்டாக்கள் வைக்கிற அடுப்பு. ஆள் உள்ளே படுக்கலாம்.

“அண்ணாச்சி, சூளையில நெருப்போட பழகுன கை. ராசியான கை. இன்னைக்கு நீங்க மூட்டுங்க” என்று தீப்பெட்டியை என் உள்ளங்கையில் வைத்தான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மூட்டினேன்.

அந்தச் சமையற்கட்டின் வழக்கம் எனக்கு அப்போது தெரியாது. முன்பு யாரோ தணலை அப்படியே விட்டுவிட்டுப் போக, காற்றில் பொறி பறந்து ஓலைக் கொட்டகை எரிந்துவிட்டதாம். அதிலிருந்து ஒரு கட்டு. அடுப்பை மூட்டியவரே அணைக்க வேண்டும். நடுவில் கை மாற்றக் கூடாது. அடுப்பை விட்டு அகலவும் கூடாது.

பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கல். மத்தியானம் சோறு, குழம்பு. பொழுது சாய்ந்தால் கஞ்சி. இடையில் தணலைச் சாம்பலால் மூடி வைப்போம். கிழக்கு வெளுக்கும் முன்னே மூட்டுகிறவன், பிள்ளைகள் கஞ்சி குடித்து எழுந்த பிறகுதான் தண்ணீர் தெளிக்க முடியும். அதற்குள் சபை கலைந்துவிடும்.

பூதலிங்கம் வெயில் ஏறிய பிறகு வருவான். மத்தியானச் சோறு இறங்கியதும் கை கழுவிவிட்டுப் போவான். செல்லக்கனி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். சாயங்காலக் கஞ்சிக்கு நான் ஒருவன் போதும் என்பது பூதலிங்கத்தின் ஏற்பாடு.

மறுநாளும் தீப்பெட்டி என்னிடமே இருந்தது. அவன் திரும்ப வாங்கவே இல்லை.

“அண்ணாச்சி, அடுப்பைக் கட்டிக்கிட்டீங்களா?” என்று செல்லக்கனி சிரிப்பாள். “விட்டுட்டு ஒரு எட்டுப் போகமாட்டேங்குதீங்களே.”

கஞ்சி கொதிக்கும்போது சபையிலிருந்து சத்தம் வரும். சொல் வராது.

பூதலிங்கம் சபையில் முன் வரிசையில் உட்காருவான். காலையில் வந்து அரிசி களையும்போது ஆரம்பிப்பான்.

“நேத்துச் சாமி பேசுனாரு பாருங்க. அடேயப்பா! நீங்க இருந்திருக்கணும் அண்ணாச்சி.”

“என்ன சொன்னாரு?”

“அதெல்லாம் சொன்னா வராது. கேக்கணும்.”

இப்படியே வருடங்கள் போயின.

சாமிக்குத் தொண்டைக் கரகரப்பு உண்டு. விடியற்காலையில் தாமே சமையற்கட்டுக்கு வந்து ஒரு தம்ளர் வெந்நீர் வாங்கிக்கொண்டு போவார். அவர் என்னைவிட வயதில் குறைந்தவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். வந்த புதிதில் ஒருநாள் என் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்த்தேன்.

“அதை நின்னுக்கிட்டே சொல்ல முடியாது அண்ணாச்சி. சாயங்காலம் வாங்க” என்று சொல்லிவிட்டு வெந்நீரோடு போனார்.

என்னால் ஏன் வர முடியாது என்று அவர் கேட்கவில்லை. அவரிடமும் எனக்கு வரவேண்டியது உண்டு. ஆனால் அது பூதலிங்கத்துக்குப் பிறகு.

ஒரு காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. தம்ளரை நீட்டியபடியே கேட்டேன்.

“சாமி, ஒரு சமையற்கட்டுல மூணு பேர் வேலை பாக்குதோம். மூணு பேருக்கும் சமையக்கட்டு ஆளுன்னு ஒரே பேரு, ஒரே சோறு. ஒருத்தனுக்கு மட்டும் சாயங்காலமே கிடையாது. இது நியாயமா?”

“யாருக்குச் சாயங்காலம் கிடையாது?”

“எனக்கு.”

“எவ்வளவு நாளா?”

“சாமி என் கையில வெந்நீர் வாங்குத நாள்ல இருந்து.”

அவர் தம்ளரைப் பார்த்தார். குடிக்கவில்லை. மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியும் முன்னே வந்தார். தம்ளர் கொண்டு வரவில்லை. வெறுங்கையை நீட்டினார்.

“தீப்பெட்டி குடுங்க அண்ணாச்சி.”

கொடுத்தேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். தென்னம்பாளையை வைத்தார். விறகை அடுக்கத் தெரியவில்லை. நெருக்கமாக வைத்துவிட்டார். புகை மண்டியது. ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் பற்றிக்கொண்டது.

“இன்னைக்கு நீங்க போகலாம்” என்றார்.

பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சாமியின் மூக்கில் கரி. பொங்கலில் அடிப்பிடித்த வாடை. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

பூதலிங்கம் வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“சாமி, இதென்ன கோலம்? எந்திரிங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

“மூட்டினது நான்” என்றார் சாமி.

“அதுக்கென்ன? சாமிக்குமா அந்தக் கட்டு?”

“கொட்டகை எரியும்போது யார் மூட்டினதுன்னு பார்த்தா எரியுது?”

செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மிக்குப் போனாள்.

மத்தியானம் பூதலிங்கம் கை கழுவிவிட்டு ஒரு நாழி சுற்றிச் சுற்றி நின்றான். சாமி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். போய்விட்டான்.

நான் ஆற்றில் குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். விளக்கு வைக்கும் முன்பே சபைக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் பூதலிங்கம் நெற்றி நிறையத் திருநீறோடு இருந்தான். மணி அடித்தார்கள். சாமியின் மணை காலியாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சபைக்கு வரும் நாளில் சாமி அடுப்படியில் இருக்கிறார்.

கூட்டம் முணுமுணுத்தது. பூதலிங்கம் எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன்.

சாமி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“சாமி, எல்லாரும் வந்தாச்சு” என்றான் பூதலிங்கம்.

“அணையலையே.”

“உங்களைக் கேக்கணும்னு எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காவ!”

“அண்ணாச்சியும் தூரத்துல இருந்துதான் வந்தார்.”

பூதலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் சொன்னேன், “சாமி, இன்னைக்கும் என் காதுல ஒண்ணும் விழலை.”

“இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை அண்ணாச்சி” என்றார் சாமி. “காலையில நல்லாத்தான் இருந்தேன். மத்தியானம் இவன் கை கழுவிட்டுப் போனான். தண்ணி சொட்டச் சொட்ட, கையை உதறிக்கிட்டே போனான். அதுல இருந்து இவனைத் தவிர வேற நினைப்பே வரலை. வீட்டுக்குப் போயிருப்பானா, படுத்திருப்பானா, சாப்பிட்டிருப்பானான்னு. இவ்வளவு நாள் பேசினதுல ஒரு சொல்லும் கூட வந்து உட்காரலை.”

எனக்குள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது. என் வாயில் வராத பேச்சை அவர் பேசிவிட்டார்.

“ஒரே பகல்” என்றார். “எனக்கு முடியலை.”

கஞ்சி இறக்கினார்கள். பிள்ளைகள் குடித்து எழுந்தார்கள். சாமி தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தார். தீப்பெட்டியைப் பூதலிங்கத்தின் கையில் வைத்தார்.

“நாளைக்கு நீ. அதுக்கு மறுநாள் செல்லக்கனி. பிறகு அண்ணாச்சி. பிறகு நான். என் முறை வர்ற அன்னைக்குச் சபை கிடையாது.”

மறுநாள் காலையில் செல்லக்கனி வந்ததும், வெந்நீருக்கு வந்திருந்த சாமி முறையைச் சொன்னார்.

“என் மாட்டை யாரு கறப்பா?” என்றாள் அவள்.

“உன் முறைக்கு மாட்டை இங்கே கொண்டாந்து கட்டு” என்றார் சாமி.

பூதலிங்கம் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்பை மூட்டினான். விறகைப் படார் படார் என்று போட்டான்.

அன்று சாயங்காலம் சபையில் முன் வரிசையில், பூதலிங்கம் உட்காரும் இடத்தில், நான் உட்கார்ந்தேன். அங்கே ஜன்னல் ஓரம். ஜன்னல் வழியே சமையற்கட்டின் கூரை தெரியும். அது அவன் சொல்லாத விஷயம். எத்தனையோ மாலைகள் என் அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

சாமி வந்து மணையில் அமர்ந்தார். பேச ஆரம்பித்தார்.

கூரைக்கு மேலே புகை கறுப்பாக எழுந்தது. ஈர விறகை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சூளையில் ஒரு புதுப்பயல்கூட அப்படி வைக்கமாட்டான். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. கஞ்சி வெந்திருக்குமா? அதற்குள் அணைத்துவிட்டானா? அணைக்காமல் தணலை மூடிவிட்டு நழுவிவிட்டானா? கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மறுபடி ஒரு இழை புகை எழுந்தது. இருக்கிறான். இருக்கட்டும். வேர்க்கட்டும். புகையில் ஒரு கண்ணாவது கரிக்கட்டும்.

திரும்பியபோது எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை செல்லக்கனி அடுப்பு மூட்டியிருந்தாள். பசுமாடு வேலியோரம் கட்டியிருந்தது. நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாமி தம்ளரோடு வந்தார். செல்லக்கனியிடம் வெந்நீர் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இப்ப சரியா அண்ணாச்சி?”

“இனிமே சரி சாமி. போனதுக்கு?”

“போனதுக்கு என்ன?”

“அத்தனை சாயங்காலமும் அவன் எடுத்துக்கிட்டான். என் கையில தீப்பெட்டியை வச்சு, ராசியான கைன்னு சொல்லி எடுத்துக்கிட்டான். தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னானா?”

“சொல்லலை.”

“சொல்லுவானா?”

“சொல்லமாட்டான்.”

“அப்ப எனக்கு வரவேண்டியது?”

“வரவேண்டியதுதான். நான் இல்லைன்னு சொல்லலை.”

“யாரு தருவா?”

சாமி ஒரு வாய் வெந்நீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முந்தாநேத்துச் சாயங்காலம் சபையில என்கிட்ட ஒண்ணும் இல்லை. நேத்து இருந்தது. பெரியவர் ஒருத்தர் எழுந்து, செத்தவங்க எங்கே போறாங்கன்னு கேட்டார். நிறையப் பேசினேன். நீங்க முன்னாலதான் இருந்தீங்க” என்றார். “நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?”

கையில் பூசணித் துண்டு இருந்தது. செல்லக்கனி ஊதுகுழலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு நினைவுக்கு வந்தது கூரைமேல் எழுந்த புகை மட்டும்தான். அந்தச் சாயங்காலத்தையும் பூதலிங்கம்தான் எனக்குத் தரவேண்டும்.