மாலை போட்ட மோட்டார் சைக்கிள்

“சாமி எங்கிட்டப் பேசவே மாட்டேங்காரும்மா” என்றார் வெயிலுமுத்து.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சமாதியாகிப் போனவரு எப்படிப் பேசுவாரு?”

“மகான்கள் பேசுவாங்கன்னு சொல்லுதாங்கள்ளா. கனவுலயாவது வரலாம். நான் என்ன குறை வச்சேன்?”

“உசுரோட இருக்கும்போது என்ன பேசினாரு?”

வெயிலுமுத்து யோசித்தார்.

“பெருசா ஒண்ணுமில்ல. சாயந்தரம் சுக்குக்காபி கொண்டுபோய்க் குடுப்பேன். ஒரு வாய் குடிச்சிட்டு ‘கருப்பட்டி பத்தலைடே’ம்பாரு. தெனமும் அதான்.”

“உபதேசம்?”

“அது கெடைக்கல. இப்போ அந்தக் கருப்பட்டிப் பேச்சும் நின்னு போச்சு. இன்னமும் சாயந்தரமானா வண்டிச் சீட்டுல காபி வச்சுக் கும்பிடுதேன். ஆறினதும் செம்பருத்திக்கு ஊத்திருதேன்.”

“செம்பருத்தி என்ன சொல்லுது?”

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மடத்தின் தலைவியிடம் கோபப்படக் கூடாது என்று அடக்கிக்கொண்டார். வயதில் உலகம்மாள் அவருக்கு மகள் மாதிரி. சாமி போகும்போது பொறுப்பை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதில் வெயிலுமுத்துவுக்கு வருத்தமில்லை. அவருக்கு வேண்டியது சாமியின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

மலையடிவாரத்தில் இருந்த அந்த இடத்துக்கு மோட்டார் சாமி மடம் என்று பெயர். சாமி காவி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலை ஏறி இறங்கியவர். அவர் சமாதியானதும் வண்டியை மண்டபத்தில் ஏற்றி, பட்டுச் சுற்றி, மாலை போட்டுவிட்டார்கள்.

வண்டிக்குப் பால் உண்டு, சந்தனம் உண்டு, கற்பூரம் உண்டு. கும்பிடுவதற்கு முறையும் உண்டு. உள்ளே வருகிறவர்கள் முதலில் உடம்பை இடப்பக்கம் ஒருமுறை சாய்க்க வேண்டும். பிறகுதான் கைகூப்ப வேண்டும். சாமி வண்டி எடுக்கும்முன் அப்படித்தான் சாய்வார் என்று வெயிலுமுத்து ஏற்படுத்திய வழக்கம் அது. கிழவிகள்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள்.

அன்றைக்கு வந்த நர்ஸ் பிலோமினாள் சாயவில்லை. நேரே உலகம்மாளிடம் போனார்.

“அம்மா, எனக்கு அந்த வண்டி வேணும்.”

வெயிலுமுத்துவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“மேலக்காட்டுல பேச்சிக்கு இது நெறமாசம்” என்றார் பிலோமினாள். “ஆம்புலன்ஸ் பாதி மலை வரைக்குந்தான் வரும். மேல ஒத்தையடிப் பாதை. சாமி இருந்தப்போ என்னையப் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. போன மழைக்கு நான் நடந்துபோய்ச் சேருததுக்குள்ள ஒரு புள்ள போயிட்டு.”

“யாரு புள்ள?”

“இதே பேச்சி புள்ளதான்.”

வெளியே வானம் மூடிக்கொண்டிருந்தது.

“அது வண்டி இல்ல சிஸ்டர்” என்றார் வெயிலுமுத்து. “அது சாமி.”

உலகம்மாள் எழுந்து கையைத் துடைத்தார்.

“அண்ணாச்சி, மாலையைக் கழத்துங்க.”

*

டவுனிலிருந்து காசிம் பாய் வந்தார். மெக்கானிக். பட்டை விலக்கிப் பார்த்துவிட்டுக் குந்திவிட்டார்.

“இன்ஜின் இடுக்கெல்லாம் சந்தனம் காஞ்சு சிமெண்ட்டா கெடக்கு. சைலன்சர்ல குளவி கூடு கட்டியிருக்கு. சரி, அதை விடுங்க. பெட்ரோல் டேங்குக்குள்ள என்ன, மஞ்சக் கட்டியா ஒட்டியிருக்கு?”

வெயிலுமுத்து கூரையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி?”

“ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு டம்ளர் பால் ஊத்துவேன். சாமி வண்டி பசியாக் கெடக்கக் கூடாதுன்னு.”

காசிம் பாய் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடினார். மூக்கு வழியாக வந்துவிட்டது.

“டயர், டியூப், செயின், பிரேக் ஷூ. இவ்வளவும் வேணும். பழசாப் பாத்து எடுத்தாலும் காசு ஆகும்மா.”

“மடத்துல காசு ஏது?” என்றார் வெயிலுமுத்து. அவருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

“வண்டிக்கு மாலை யாரு காசுல வாங்குதிய?” என்று கேட்டார் உலகம்மாள்.

“உண்டியல் காசுல.”

“சந்தனம்?”

“அதுவும்.”

“கற்பூரம், பாலு?”

வெயிலுமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

“சாமியை மாலை இல்லாம மொட்டையா நிறுத்தவா சொல்லுதிய?”

“டயர் போடுவோம் அண்ணாச்சி. அதுவும் வட்டமாத்தான் இருக்கும்.”

உண்டியலைத் திறந்தார்கள். இரண்டு பழைய டயர் வந்தது. அதோடு உண்டியல் காலி.

மீதிக்கெல்லாம் கைதான். செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார்கள். கார்பரேட்டரில் அடைத்துப்போன துளையைப் பழைய வயரில் உருவிய செம்புக் கம்பியால் குத்தினார்கள். டேங்கின் துருவை எடுக்க ஆசிட் வாங்கக் காசில்லை. குத்துவிளக்குக்குப் புளி போட்டு விளக்கித் தேய்ந்த கை வெயிலுமுத்துவினுடையது. அவர் புளியைக் கரைத்து டேங்கில் ஊற்றி, கூழாங்கல்லும் போட்டு, மடியில் வைத்து ஆட்டினார். ஆட்டும்போது அழுதார். என்ன இருந்தாலும் சாமியின் வயிற்றைக் கழுவுகிற மாதிரித்தான் அவருக்கு இருந்தது.

சீட்டைச் சுற்றியிருந்த பட்டுத் துணியை உரித்தபோது கை நின்றுவிட்டது.

சாமி உட்காரும் முன்சீட்டில் பஞ்சே இல்லை. கிழிந்து, ஸ்பிரிங் தெரிந்தது. பின்சீட்டு மெத்தென்று இருந்தது. சாமியின் கம்பளியை மடித்து உள்ளே வைத்துச் சாமியே கைத்தையல் போட்டிருந்தார். குளிர்காலத்தில் சாமி போர்த்திக்கொள்ளாமல் படுத்தது ஏன் என்று வெயிலுமுத்து அப்போது கேட்டதில்லை. பெரிய தவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் பிரேக் ஷூவுக்குக் காசு இல்லாமல் நின்றார்கள். காசிம் பாய் தன் வண்டியில் கிடந்ததைக் கழற்றி மாட்டினார்.

“ஒங்க வண்டிக்கு, பாய்?”

“எனக்கு டவுன்ல சமதரைதான். மலையில நான் பொறந்தப்போ எங்க உம்மாவுக்கு நர்சம்மாவைக் கொண்டுவந்து விட்டது இந்த வண்டிதான். கைமாறு செய்ய இப்பத்தான் வாய்ச்சிருக்கு. பேசாம ஸ்பானரை எடுங்க.”

*

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

காசிம் பாய் உதைத்தார். வெயிலுமுத்து உதைத்தார். பிலோமினாளும் சேலையைச் செருகிக்கொண்டு உதைத்துப் பார்த்தார். மேலக்காட்டிலிருந்து பேச்சியின் புருஷன் ஓடிவந்து மூச்சிரைக்க நின்றான். வலி எடுத்துவிட்டது என்றான். மலையில் முதல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் காசிம் பாய். அவருக்கு வேர்த்துவிட்டது. “ஏன் எடுக்க மாட்டேங்குன்னு தெரியல.”

பிலோமினாள் பையைத் தோளில் மாட்டினார். “நான் நடக்கேன்.”

“சித்த இருங்க சிஸ்டர்” என்றார் உலகம்மாள். வெயிலுமுத்து பக்கம் திரும்பினார். “நீங்க கூடவே நின்னவரு. சாமி வண்டி எடுக்கும்போது மொதல்ல என்ன செய்வாரு?”

“மலையைப் பாத்து இடப்பக்கம் சாய்வாரு. வணக்கம் சொல்லுவாரு.”

“தனியாவா சாய்வாரு?”

வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டு பழைய காலைகளை ஒருதடவை பார்த்தார்.

“இல்ல” என்றார் மெதுவாக. “வண்டியையும் பிடிச்சுக்கிட்டுத்தான் சாய்வாரு.”

காசிம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். “மறந்தே போனேன் பாருங்க! இந்தக் காலத்து வண்டிக்கு அது தேவையில்ல. பழைய வண்டியைச் சாய்ச்சாத்தான் கார்பரேட்டருக்குப் பெட்ரோல் பொங்கி வரும். வணக்கமாம்லா வணக்கம்!”

ஊரே இடுப்பு வலிக்கச் சாய்ந்ததெல்லாம் நினைவு வந்து வெயிலுமுத்துவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஹேண்டில்பாரைப் பிடித்தார். வண்டியை இடப்பக்கம் சாய்த்தார். நிமிர்த்தினார். உதைத்தார்.

பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். சாலை வளைவில் அது கேட்டதும்தான் அவர் அடுப்பில் சுக்குத்தண்ணி வைப்பார். இப்போதும் கால் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. கண் நிறைந்து எதிரே இருந்த மலை மறைந்துவிட்டது.

“ஏறுங்க” என்றார் உலகம்மாள். “அந்தப் பாதையும் தெரிஞ்சு, வண்டியும் ஓட்டத் தெரிஞ்சவரு நீங்கதான்.”

“நானா? சாமி உக்காந்த எடத்துலயா?”

“சாமிக்குக் கொஞ்சம் எடம் விட்டு உக்காருங்க.”

வெயிலுமுத்து முன்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஸ்பிரிங் குத்தியது. பின்னால் கம்பளிமேல் பிலோமினாள் ஏறினார். வண்டி மழைக்குள் போனது.

*

மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார்கள்.

உலகம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் பயம்தான்.

“பொட்டப்புள்ள” என்றார் பிலோமினாள். “என்னா அழுகை! தாயும் சொகம். இன்னும் ஒரு நாழி தாமதிச்சிருந்தா ரெண்டும் இல்ல.”

உலகம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். சாயவில்லை. நேராகத்தான் கும்பிட்டார்.

வண்டி முழுக்கச் சேறு. வெயிலுமுத்து அதை எப்போதும் நிற்கிற இடத்தில் நிறுத்தினார். பிலோமினாள் இறங்கவில்லை. கால் மரத்துவிட்டது, கொஞ்சம் இப்படியே இருக்கிறேன் என்று சீட்டிலேயே சரிந்தார். நனைந்த சேலையில் உடம்பு வெடவெடத்தது.

வெயிலுமுத்து உள்ளே போனார். சாயங்காலமாகிவிட்டதே. சுக்கைத் தட்டினார், கருப்பட்டியை அளவாகப் போட்டார், வழக்கமான டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

சீட்டில் வைக்கப் போனார். சீட்டில் இடமில்லை.

டம்ளரும் கையுமாக நின்றார். திரும்பி உலகம்மாளைப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, ஆறப் போகுது” என்றார் உலகம்மாள்.

வெயிலுமுத்து டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திப் பிலோமினாளிடம் நீட்டினார்.

பிலோமினாள் வாங்கினார். ஆவியை முகத்தில் பிடித்தார். ஒரு வாய் குடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா கருப்பட்டி பத்தல, அண்ணாச்சி.”

வெயிலுமுத்து அப்படியே நின்றார்.

பிறகு, அத்தனை வயசுக்கு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கருப்பட்டி எடுக்க ஓடினார்.