பொன்னாடைக்குள் ஆளுநரம்மா

மூங்கில்பாடிக் காட்டில் ஒரே பரபரப்பு! புதிய குளத்துக்கு அன்று திறப்பு விழா. திறந்து வைக்க வருபவர் காட்டின் ஆளுநர் யானையின் மனைவி மரகதவல்லி. மயில்களுக்கு ஆட மேடை அமைத்தவர் அவர். கோடையில் யாரும் தவிக்கக் கூடாது என்று குகை குகையாய், புதர் புதராய்ப் போய் ஆள் திரட்டி, இந்தக் குளத்தை வெட்ட வைத்தவரும் அவர்தான்.

குளத்தைச் சுற்றித் திறப்பு விழா நாடாவாகக் கோவைக்கொடி கட்டியிருந்தார்கள். விழாக்குழுத் தலைவர் நரி விறைப்பாகக் காவல் நின்றது.

குஞ்சம்மா என்ற தவளை மூச்சிரைக்கத் தாவி வந்தது.

"நரியண்ணே! என் பிள்ளைங்க கிடக்கிற குட்டை வத்திப்போச்சு! தலைப்பிரட்டை எல்லாம் துடிக்குதுங்க. இந்தக் குளத்துல விட்டுக்கறேனே!"

"ஐயையோ! அம்மா திறந்து வைக்காம ஒரு சொட்டுத் தண்ணி தொடக் கூடாது! மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றது நரி.

மரகதவல்லி வந்தார். மரங்கொத்தி மேளம் கொட்டியது! கரடிச் சங்கம் ஒரு பொன்னாடை போர்த்தியது. குரங்குச் சங்கம் விடுமா? அதுவும் போர்த்தியது. மான்கள், முயல்கள், முள்ளம்பன்றிகள் எல்லாம் பொன்னாடையோடு வரிசையில் நின்றன. பொன்னாடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியதில், அம்மாவின் கண்ணும் காதும் மூடிப்போயின. இப்படியும் ஒரு மரியாதை உண்டா!

"அம்மா! அம்மா!" என்று குஞ்சம்மா தொண்டை கிழியக் கத்தியது. அவர் காதில் விழவே இல்லை. குட்டையிலோ கொஞ்சம் சேற்று நீர்தான் மிச்சம்.

இனியும் பொறுக்க முடியுமா? குஞ்சம்மா ஒரே தாவாகத் தாவித் தும்பிக்கை நுனியில் ஒட்டிக்கொண்டது.

"அச்சூ!"

அம்மா போட்ட தும்மலில் பொன்னாடைகள் பறந்தன! குஞ்சம்மா புல்லில் போய் விழுந்தது. "என் பிள்ளைங்க சாகுதுங்கம்மா! குட்டையில தண்ணியில்ல!" என்று அழுதது.

மரகதவல்லி உடனே குட்டைக்கு ஓடினார். சேற்று நீரோடு தலைப்பிரட்டைகளைத் தும்பிக்கையில் மெல்ல உறிஞ்சினார். திரும்பி ஓடிவந்த வேகத்தில் கோவைக்கொடி அறுந்து காலில் சுற்றியது. சளக்! பிள்ளைகள் எல்லாம் குளத்தில் வாலாட்டி நீந்தின. குஞ்சம்மாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

நரி பதறியது. "அம்மா! வரவேற்புரையே இன்னும் படிக்கலையே! குளத்தை எப்போ திறக்கிறது?"

"இப்பத்தானே திறந்தேன், பார்க்கலையா?" என்றார் மரகதவல்லி. "இனிமே பொன்னாடை போர்த்த ஆசை வந்தா, வெயில்ல காயற குட்டைக்கு மேல போர்த்துங்க!"

ஒருவர் செய்த பொதுநலப் பணியை மெச்ச விரும்பினால், அந்தப் பணியின் பலன் தேவைப்பட்டவருக்குத் தடையின்றிப் போய்ச் சேர வழிவிட வேண்டும்.