பனி கேட்டுப் போனவர்

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு முப்பத்து நாலு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளப் போகிற இடத்தில் யாரும் யாருடைய பிறந்த வருடத்தையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த மனிதர். பட்டறையை மகளிடம் கொடுத்துவிட்டு ஒரு கேமரா வாங்கினார். சனிக்கிழமையானால் பிலோமினா டீச்சர் வீட்டு மாடிக்குப் போய்விடுவார், படம் எடுக்கக் கற்றுக்கொள்ள. மலை, மேகம், அணை, பாறை இவைதான் எடுப்பார். ஆள் அரவமே இருக்கக் கூடாது. படத்தில் ஒரு கரண்டுக் கம்பி வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கேமராவின் தலையில் சின்ன ரசமட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் பொத்தானை அமுக்குவார்.

ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், என் படத்துல என்னுங்க குறை?"

"குறையே இல்லீங்கண்ணா."

"அப்பறம் ஏனுங்க எல்லாரும் 'சூப்பர்'னு சொல்லிப்போட்டு அடுத்த படத்துக்குப் போயிடறாங்க? என் பேத்தி போன்ல பாக்கறா. வெரலால ஒரு தள்ளு. அவ்வளவுதான், மலை போயே போச்சு!"

டீச்சர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர். எனக்கு நேரமில்லீங்க."

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கண்ணில் நீர் அழுத்தம். நேரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவைப் பார்த்து நகர்ந்து வருகிறது. பகலில் மட்டும், மெதுவாக, இந்தக் குளிர்காலம் முடியும்வரை வண்டி ஓட்டலாம், அப்புறம் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தனியா ஒருக்கா மலைக்குப் போயி, நாலு பேரு நின்னு பாக்கற மாதிரி ஒரு படம் எடுத்துப்போடணும் டீச்சர். அப்பறம் கண்ணு போனாலும் போகட்டும். என்ன செஞ்சா அப்படி ஒரு படம் வருங்க?"

டீச்சர் காலண்டரைப் புரட்டினார்.

"ஜனவரியில ஊட்டிக்கு மேல உறைபனி விழும். போயிட்டு வாங்கண்ணா. ஒரே ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

"ஒண்ணே ஒண்ணுங்களா?"

"ஒண்ணுதான்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"போயிட்டு வாங்கண்ணா."

குருமார்கள் எந்தக் காலத்திலும் இப்படித்தான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பத்தியம் கெட்டுவிடும் போலிருக்கிறது.

ஜனவரி பிறந்தது. மனைவியிடம் மன்றாடி இரண்டு ராத்திரிக்கு உத்தரவு வாங்கினார். பழைய மாருதியில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, பத்ரகாளியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். "தாயே, பனி கொட்டணும். சும்மா வெள்ளை வெளேர்னு கொட்டணும்" என்று வேண்டிக்கொண்டார்.

கல்லாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். கோழி மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வந்த பஸ்காரர் கடுப்பாகி ஹாரனில் கை வைத்தபோது, ஓரம் கட்டி வழி விட்டு ஒரு கும்பிடும் போட்டார். இனி இந்தப் பாதையில் தானே ஓட்டி வரப்போவதில்லை என்று தெரிந்திருந்ததால், அவருக்கு அன்றைக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

ஊட்டிக்கு மேலே, பெரிய புல்வெளி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு படுகர் ஊர். அங்கே போஜனும் அவர் மனைவி மாதியும் தங்கள் வீட்டை ஒட்டிய ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாச்சிமுத்து அங்கே தங்கினார்.

முதல் நாள் விடியலில் அம்மன் கண் திறந்தாள். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல் வெள்ளை. நாச்சிமுத்து ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவுக்குப் போனார். கிழக்கைப் பார்த்துக் கேமராவை நிறுத்தினார். சரியாக வரவில்லை, நகர்த்தினார். அங்கேயும் சரியில்லை, இன்னும் நகர்ந்தார். வெயில் எட்டிப் பார்த்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் மேற்கு முழுக்கப் பொன்னாகிவிட்டது.

திரும்பினார். அந்தப் பொன்னுக்கு நடுவில், புல்வெளி எங்கும், காலடித் தடங்கள். 'எவன்டா இங்க நடந்தது?' என்று ஒரு கணம் ஆத்திரம் பொங்கியது. அப்புறம் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ஓரப்பார்வை இருந்திருந்தால் மிதிக்கும்போதே தெரிந்திருக்கும். என்ன செய்வது? ரசமட்டத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பனி தண்ணீராகிவிட்டது.

இனி மறுநாள் காலை ஒன்றுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றும் நின்றுவிட்டது. காலையில் விழுந்ததைவிடப் பெரிய பனி வரும் என்று போஜனே சொல்லியிருந்தார். நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குக் கீழே தோட்டத்தில் புருசனும் பெண்டாட்டியும் கட்டுக்கட்டாகக் காய்ந்த தாகையை, அதான் அந்த மலை முழுக்க முளைக்கிற பெரணிச் செடியை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மேலே நின்று குரல் கொடுத்தார்.

"நாளைக்கு நல்ல பனிங்க! அள்ளிக்கிட்டுப் போயிடறேன் பாருங்க!"

மாதி நிமிர்ந்தார்.

"நீங்க சாமிகிட்ட பனி வேணும்னு கேட்டீங்களா அண்ணா?"

"ஆமாங்க. தேங்காயே ஒடைச்சனுங்க."

"நாங்க வேணாம்னு கேட்டோம். தேங்காய் ஒடைக்கலை. அதான் உங்க பக்கம் சாஞ்சிடுச்சு."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் போஜன் சிரிக்கவில்லை.

"இது புதுசா நட்ட தேயிலைக் கன்னு, அண்ணா. பழசையெல்லாம் புடுங்கிப்போட்டு நட்டது. பனி விழுந்து, அது மேல வெயில் பட்டா, அவ்வளவும் கருகிடும். தாகை பத்தலை. இருக்கிறதை வெச்சு மூடிக்கிட்டு இருக்கோம்."

நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. கீழே இறங்கி ஒரு கட்டைத் தூக்கினார்.

தாகை தீர்ந்ததும் கோணிகள் வந்தன. கோணி தீர்ந்ததும் கிழிந்த போர்வைகள், படுக்கை விரிப்புகள். மாதி பீரோவைத் திறந்து நல்ல சேலைகளையே அள்ளிக்கொண்டு வந்தபோது போஜன் முறைத்தார்.

"என்ன முறைக்கிற? நான் கட்டிக்கிட்டு இந்தக் குளிர்ல எங்க போகப் போறேன்? கன்னு கட்டிக்கட்டும்."

நாச்சிமுத்து தன் அறைக்குப் போனார். வேட்டி, துண்டு, மஞ்சள் மழைக்கோட்டு, காரை மூடுகிற தார்ப்பாய், எல்லாம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அப்படியும் கீழே இரண்டு வரிசை மூடாமலே நின்றது. அதற்கு விடியலில், வெயில் படுவதற்கு முன்னால், தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும் என்றார் போஜன்.

மறுநாள் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பப்பா, அதுதான் பனி! வேலிக் கம்பி, கல், சாணி, எல்லாம் வெள்ளை. வலப்பக்கம் புல்வெளி ஒரு காலடி படாமல் கிடந்தது. எங்கே நிற்க வேண்டும், எங்கே மிதிக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் போட்டு வைத்திருந்தார். கிழக்கே சிவக்கத் தொடங்கியிருந்தது. பத்து நிமிட நடைதான்.

கீழே தோட்டத்தில் போஜன் ரப்பர் பைப்பைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் உறைந்து அடைத்திருந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி ஐஸ் வந்து விழுந்தது. மோட்டார் பக்கத்தில் நின்ற மாதி மேலே பார்த்துக் கத்தினார்.

"அண்ணா! பைப்பை நடுவுல தூக்கிப் புடிக்க ஒரு ஆள் வேணும்! தரையில இழுத்தா கன்னு ஒடிஞ்சிடும்!"

நாச்சிமுத்து புல்வெளியைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். பெரிய மனசோடு முடிவெடுத்தார் என்றெல்லாம் சொன்னால் பொய். அழுகை வந்தது, அதுதான் உண்மை. 'எனக்கு வேற காலையே இல்லையே, அம்மா' என்று வாய்விட்டே சொன்னார்.

கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கினார். ட்ரைபாடும் இல்லை, ரசமட்டமும் இல்லை. காலடியில் தெரிந்த தோட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை அமுக்கினார். மூடியைப் போட்டு, கேமராவை வாசல் திண்ணையின் மேல் வைத்துவிட்டுக் கீழே ஓடினார்.

பைப் நெருப்பு மாதிரி சுட்டது. குளிர் அந்த அளவுக்குப் போனால் சுடத்தான் செய்யும். முன்னால் போஜன் தண்ணீர் அடிக்க, நடுவில் இவர் பைப்பைத் தோளில் தாங்கிக்கொண்டு கன்றுகளுக்கு இடையில் கால் வைத்துக் கால் வைத்துப் போனார். ஓரம் தெரியாதவராயிற்றே. "இடப்பக்கம் கன்னு! பார்த்து! அண்ணா, வலது கால்!" என்று மாதி மோட்டார் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் மேல் வரிசையைத் தொட்டது. அடுத்த வரிசைக்கு இறங்கியது. கடைசி வரிசைக்கு அது வந்து சேர்ந்தபோது கடைசிக் கன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தபோது புல்வெளி பச்சையாக இருந்தது.

மாதி அடுப்பிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கு எடுத்துவந்து அவர் கைக்கு ஒன்றாக வைத்தார்.

"முதல்ல புடிச்சுக்கங்க. விரலுக்கு உசிர் வந்த பிறகு சாப்பிடுங்க."

"நான் பனி கேட்டிருக்கக் கூடாதுங்க. மன்னிச்சுக்கங்க" என்றார் நாச்சிமுத்து.

"நீங்க கேட்காட்டியும் அது வரும் அண்ணா" என்றார் போஜன். "ஆனா நீங்க வந்தீங்க பாருங்க."

நாச்சிமுத்து சுடுகிழங்கைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் ஓட, சிரித்துக்கொண்டு நின்றார்.

அன்று இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். கீழே சமவெளி முழுக்க வெயில். இந்த மலையை இந்தக் கண்ணுக்குக் காட்டியதற்கு, இத்தனை வருடம் விபத்தில்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்ட இந்த வண்டிக்கு, கைக்குள் கிழங்கை வைத்த அந்த மகராசிக்கு, யாருக்கென்று தனித்தனியாகச் சொல்வது? மொத்தமாகச் சேர்த்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் சாவியை மகள் கையில் கொடுத்தார். நினைத்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை.

அடுத்த வாரம் போஜன் போன் செய்தார். "ஓரத்துல கொஞ்சம் கருகிச்சு அண்ணா. மத்ததெல்லாம் அப்படியே நிக்குது." நாச்சிமுத்து அதை மனைவியிடம் சொன்னார். சாப்பிடும்போது இன்னொரு முறை சொன்னார்.

"யாரு வீட்டுக் கன்னுக்கோ இந்தக் குதி குதிக்கறீங்க" என்றபடி மனைவி ரசத்தை ஊற்றினாள்.

சனிக்கிழமை வந்தது. எடுத்ததே ஒரு படம்தான். அதையும் பிரிண்ட் போட்டுப் பார்த்தார். மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே குறுக்காகக் கரண்டுக் கம்பி. வலது ஓரத்தில், எடுக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத போஜன், பாதி முதுகோடு பைப்பை ஓங்கிக்கொண்டு நின்றார். நடுவில் சேலையும் கோணியும் வேட்டியும் மஞ்சள் மழைக்கோட்டும் வெள்ளை பூத்துக் கிடந்தன. இதை எடுத்துக்கொண்டா போவது? ஆனால் வேறு இல்லை.

மற்றவர்கள் போன பிறகு நீட்டினார். டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சாஞ்சு போச்சுங்க டீச்சர். கைநடுக்கம் வேற."

டீச்சர் திரும்பவில்லை.

"மேல கம்பி வந்திருச்சுங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சுப்போடலாங்களா? அந்த ஆளையும் வெட்டிப்போட்டா..."

டீச்சர் படத்தின் மேல் விரலை வைத்தார். கீழ் ஓரத்தில், எதுவும் போர்த்தாமல், பனிக்குள் நின்ற இரண்டு வரிசைகளின் மேல்.

"அதெல்லாம் இருக்கட்டுங்கண்ணா. இது ரெண்டும் மூடாமயே நிக்குதே... பொழைச்சுதுங்களா?"