மூச்சடைத்துப் போன கறையான் புற்று

ஒரு காட்டில், வேங்கை மரத்தடியில், ஆளுயரக் கறையான் புற்று ஒன்று இருந்தது. வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு. உள்ளே நூறு அறைகள். மேலிருந்து கீழ்வரை காற்று போய்வர மெல்லிய குழாய்கள். சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். புற்று மூச்சு விட்டது என்றே சொல்லலாம். அந்த மூச்சு அரை நாள் நின்றால் போதும். ஆழத்தில் படுத்திருக்கும் பச்சைப் பிள்ளைகள்தான் முதலில் சாவார்கள்.

அந்தக் கறையான்களுக்குக் கண் தெரியாது. உணர்கொம்பால் தடவி, முகர்ந்துதான் ஆளை அறிவார்கள். வீட்டு வாசனை அடித்தால் நம்மாள். அடிக்காவிட்டால் கடி! இது ஒரு சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. ஆபத்து வந்தால் தலையால் சுவரைத் தட்ட வேண்டும். தட்டும் சத்தத்தைக் கேட்டவர்களும் தட்ட வேண்டும். ஏன் தட்டுகிறோம் என்று கேட்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பக்கத்துப் புதரில் மினுக்கி என்றொரு வண்டு இருந்தாள். முட்டையிடத் தெரியும். வளர்க்கத் தெரியாது, தெரிந்தாலும் செய்ய மாட்டாள். புற்றின் அடியில் கொட்டிக் கிடந்த மண்ணில் மூன்று நாள் உருண்டு புரண்டாள். உடம்பெல்லாம் கறையான் வாசனை ஏறியதும், கீழ்ச்சந்து வழியாக உள்ளே நுழைந்து ஒரு கதவைத் தட்டினாள்.

அது செம்மாயியின் அறை. செம்மாயி முட்டைகளை நக்கிச் சுத்தம் செய்து பொரிக்க வைப்பவள். வேலையில் கெட்டிக்காரி. அவள் வாசலில் நின்றவளைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம வாசனைதான் அடிக்குது. ஆனா முதுகு ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?"

"மழையில நனைஞ்சுட்டேன் தங்கச்சி!"

"ஓ! உள்ள வாங்க."

இவ்வளவுதான் விசாரணை! மழை பெய்ததா என்றாவது கேட்டிருக்கலாம்.

மினுக்கி ஒரு குவியல் முட்டையை இறக்கி வைத்தாள். "ராணியம்மா குடுத்தனுப்பினாங்க. மத்த வேலையெல்லாம் அப்புறம். முதல்ல இதைத்தான் கவனிக்கணுமாம்!"

"ராணியம்மாவே சொன்னாங்களா?"

"பின்னே? நானா சொல்றேன்?"

செம்மாயி தன் வேலையெல்லாம் விட்டுவிட்டாள். நக்கினாள், துடைத்தாள். மதியத்துக்குள் முட்டைகள் பொரிந்தன. சேர்த்து வைத்திருந்த சோற்றையெல்லாம் ஊட்டினாள். வெளியே வந்த குட்டிகள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நேராக அடுத்தடுத்த அறைகளுக்குப் போய்க் கதவைத் தட்டின. "ராணியம்மா அனுப்பினாங்க!" என்றன. ஐந்து கதவுகள் திறந்தன.

கடைசிக் குட்டி கிளம்பும்போதுதான் செம்மாயியின் உணர்கொம்பு அதன் முதுகில் பட்டது. வழவழ! அவள் மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"இது நம்ம புள்ளையா? வாசனை நம்ம வாசனை. வளத்தது நான். ஆனா முதுகு நம்ம முதுகு இல்லையே! அப்ப நான் யாரை வளத்தேன்?"

சுவரைத் தட்டத் தலையைத் தூக்கினாள். மினுக்கி குறுக்கே வந்து நின்றாள்.

"தட்டாதே! தட்டினா மாட்டப்போறது நீதான். கதவைத் திறந்தது யாரு? சோறு போட்டது யாரு?"

செம்மாயி குழம்பிப் போனாள். மினுக்கி சொல்வதும் சரிதானே? குட்டிகளின் முதுகைத் தடவிப் பார்த்த மற்ற ஐந்து அறைக்காரிகளுக்கும் இதே குழப்பம். அவர்கள் பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. செம்மாயிக்கு மட்டும் கீழே படுத்திருக்கும் பச்சைப் பிள்ளைகளின் நினைப்பு வந்தது. இந்தக் குட்டிகள் அங்கே போய்ச் சேர்ந்தால்?

"என் பேரு கெட்டா கெடட்டும்!" என்று தலையால் சுவரை இடித்தாள். தட், தட், தட்!

பக்கத்து அறையில் வெள்ளாத்தா இருந்தாள். செம்மாயிக்கு மூத்தவள். சத்தம் கேட்டதும் மண்ணைக் குழைத்து வாசலை அடைத்தாள். அடுப்பு வேலை, துப்புரவு வேலை எல்லாவற்றையும் நிறுத்தினாள். தானும் தட்டினாள். அவளைக் கேட்டு அடுத்த அறை, அதைக் கேட்டு அதற்கடுத்த அறை. கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. வண்டுக் குட்டிகள் அடைத்த கதவில் முட்டி முட்டித் தலை வீங்கி, புகுந்த ஐந்து அறைகளுக்கே திரும்பின.

இதோடு நின்றிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். நின்றால்தானே!

தட்டியவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மூலையில் தொடங்கிய சத்தம் நூறு அறைக்கும் பரவியது. படைத்தலைவன் தாடையன் தன் வீரர்களோடு ஓடிவந்தான். அந்த வீரர்களின் ஆயுதம் மூக்கிலிருந்து பீய்ச்சும் பசை. பட்டால் எதிரி அப்படியே ஒட்டிக்கொள்வான்.

"எதிரி எங்கே?" என்று கத்தினான் தாடையன்.

"மேல! மேல சத்தம் கேக்குது!" என்றாள் கீழே இருந்தவள்.

"இங்க இல்லண்ணா, கீழதான் தட்டுறாங்க!" என்றாள் மேலே இருந்தவள்.

"அப்ப நீ எதுக்கு தட்டுற?"

"எல்லாரும் தட்டுறாங்களே!"

கண் இருந்திருந்தால் தாடையன் திருதிருவென விழித்திருப்பான். எல்லாப் பக்கமும் சத்தம் கேட்கிறது. அப்படியென்றால் எல்லாப் பக்கமும் எதிரி! "ஊத்துங்கடா!" என்று ஆணையிட்டான்.

ஊற்றினார்கள். சந்துகளில் ஊற்றினார்கள், வாசல்களில் ஊற்றினார்கள், காற்றுக் குழாய்களிலும் ஊற்றினார்கள். எல்லார் மேலும் பசை வாசனை ஏறியது. வீட்டு வாசனை யாருக்கும் இல்லை. வீரன் வீரனைக் கடித்தான். கடிபட்டவர்கள் வலியில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அதைக் கேட்டு இன்னும் ஊற்றினார்கள்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். காட்டில் எங்கோ நடந்த கூத்து என்று சிரிக்காதீர்கள். நமக்கு ஃப்ளூ காய்ச்சல் வரும்போது நெஞ்சுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கிருமி நுரையீரலில் ஒரு செல்லை ஏமாற்றி உள்ளே போய், அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன் இனத்தைப் பெருக்குகிறது. கிருமி புகுந்த செல்களில் ஏதோ ஒன்றிரண்டுதான் துணிந்து கூச்சல் போடுகின்றன. அதைக் கேட்டுப் பக்கத்துச் செல்கள் கதவடைக்கின்றன. பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். நாமும் எழுந்து கஞ்சி குடிப்போம். சில பேருக்குக் கூச்சல் அடங்காது. காப்பாற்ற ஓடிவந்த படையே காற்றறைகளில் நீர் கோக்கும்படி செய்துவிடும். அப்போது நமக்கு மூச்சு முட்டுகிறது.

புற்றுக்கும் மூச்சு முட்டியது. கீழே பச்சைப் பிள்ளைகள் துவண்டு கிடந்தார்கள். அழக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை.

வெள்ளாத்தாவுக்குத் தலை சுற்றியது. தட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். 'வண்டு கதவை முட்டி எவ்வளவு நேரமாச்சு? ரொம்ப நேரமாச்சே! அப்ப நான் எதுக்கு இன்னும் தட்டுறேன்?' அந்தப் புற்றில் அன்றுதான் ஒருத்தி அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

சுவரில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். "செம்மாயி! வண்டு இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான்க்கா, என் அறையில. குட்டிங்க அஞ்சு அறையில இருக்கு. வேற எங்கயும் இல்ல. எந்த அறைன்னு சொல்றேன், கேட்டுக்க." சொன்னாள். பிறகு, "அக்கா, என் வாசலையும் வெளியிலிருந்து பூசிடு" என்றாள்.

"நீ முதல்ல வெளிய வா!"

"வர முடியாதுக்கா. இவ போட்ட புது முட்டை என் முதுகெல்லாம் ஒட்டியிருக்கு. நான் வந்தா அதுவும் வரும்."

"எப்படிடி உன்னை வெச்சுப் பூசுவேன்?"

"கீழ புள்ளைங்களுக்கு மூச்சு இல்லக்கா. சீக்கிரம்!"

கிருமி புகுந்த செல்லும் கடைசியில் இப்படித்தான் தன்னையே அழித்துக்கொள்கிறது. ஆனால் அதற்குத் தங்கச்சி, அக்கா என்று யாரும் இல்லை. வெள்ளாத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். தன் வாசல் அடைப்பை உடைத்து வெளியே வந்து, அழுதுகொண்டே மண்ணைக் குழைத்தாள். உள்ளே மினுக்கி தப்பி ஓடப் பார்த்தாள். செம்மாயி அவள் காலைக் கவ்விக்கொண்டாள். பூச்சு முடியும்வரை விடவில்லை. மற்ற ஐந்து அறைகளையும் வெள்ளாத்தா அப்படியே பூசினாள். அந்த ஐந்து பேரும் உள்ளிருந்து மண் எடுத்துக் கொடுத்தார்கள்.

பிறகு ஒட்டும் பசையில் காலை இழுத்து இழுத்துத் தாடையனிடம் போனாள்.

"நிறுத்துங்கண்ணா!"

"எப்படி நிறுத்துறது? தட்டுற சத்தம் கேக்குதே!"

"நீங்க ஊத்துறதாலதான் அவங்க தட்டுறாங்க. அவங்க தட்டுறதாலதான் நீங்க ஊத்துறீங்க. எதிரியைப் பூசி அடைச்சாச்சு!"

தாடையனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மூக்கைத் தாழ்த்தினான். வீரர்கள் நின்றார்கள். பசை நின்றதும் மேலறையில் தட்டுவது நின்றது. பிறகு நடு அறை. பிறகு கீழறை. அந்த அமைதியில் எல்லோரும் சேர்ந்து காற்றுக் குழாய்களைக் கடித்துத் திறந்தார்கள். சில்லென்று காற்று இறங்கியது. துவண்டு கிடந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அசைந்தார்கள். மீதிப் பேர் அசையவே இல்லை.

வெள்ளாத்தா செம்மாயியின் சுவரில் தலையை வைத்துக் கேட்டாள். உள்ளே சத்தம் இல்லை.

தாடையன் பின்னால் வந்து நின்றான். "ஜெயிச்சிட்டோம்தானே?" என்று சந்தேகமாகக் கேட்டான்.

"எதிரியால போனது ஆறு அறை" என்றாள் வெள்ளாத்தா. "கீழ போய் எண்ணிப் பாருங்கண்ணா, நம்மால போனது எத்தனை புள்ளைங்கன்னு!"

ஆபத்து வந்தால் பயப்படாமல் குரல் கொடுக்க வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கூச்சல் போட்டுக்கொண்டே இருந்தால், எதிரி செய்ததைவிடப் பெரிய கேட்டை நமக்கு நாமே செய்துகொள்வோம்.