கரை ஏறாத கன்று

கதையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவரே, உங்களைத்தான் சொல்கிறேன்! பேர் சொல்ல மாட்டேன். எந்தக் கதை, எந்த இடத்தில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். நேரமில்லை, மனநிலை இல்லை என்று என்னிடம் சாக்குச் சொல்லாதீர்கள். உங்களைப் போலவே ஒருத்தி நாணல்குளக் காட்டில் இருந்தாள். அவள் செய்ததைக் கேளுங்கள்.

அவள் பெயர் செதிலி. எறும்புதின்னி. உடம்பெல்லாம் ஓடு மாதிரி செதில். உள்ளே பஞ்சு மனசு. யாராவது ஒரு சுடுசொல் சொன்னால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிறவர்களுக்கு யாராவது ஒருவர் கதை சொல்ல வேண்டும். செதிலியின் முறை வந்தது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு காட்டெருமைக் கன்றின் கதையை ஆரம்பித்தாள். கன்று ஒரு மரக்கட்டையில் கழுத்தைச் சாய்த்தபடி மிதந்தது. முன்னால் பெரிய சுழி! குளக்கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"தொடக்கத்தில் அழகு போதவில்லை!" என்றது மயில்.

"புலி எங்கே? புலி இல்லாமல் என்ன கதை!" என்றது குரங்கு.

செதிலி சுருண்டுவிட்டாள்.

மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மயிலுக்காக வானவில் சேர்த்தாள். அதற்கடுத்த நாள் குரங்குக்காகப் புலியைச் சேர்த்தாள். புலி பிடிக்கவில்லை என்றது மான். புலியை எடுத்தாள். கன்று மட்டும் சுழியைத் தாண்டவே இல்லை. கடைசியில் குளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். காட்டெருமை நாச்சியால் மறக்க முடியவில்லை. போன மழையில் அவளுடைய கன்று உண்மையாகவே ஆற்றோடு போயிருந்தது.

குளத்தைச் சுற்றிப் புல் காய்ந்துவிட்டது. மந்தை மலைக்கு அப்பால் கிளம்பத் தயாரானது. நாச்சி குளக்கரையை விட்டு நகரவில்லை, சரியாக மேயவும் இல்லை.

"அந்தக் கன்று என்ன ஆச்சுன்னு தெரியாம நான் வரமாட்டேன்!"

மந்தை போய்விட்டால் அவள் தனி. புதருக்குள் செந்நாய்கள் இப்போதே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தன.

இதையெல்லாம் பார்த்துக் கொதித்துப் போனது ஒரு காட்டுப்பன்றி. பெயர் முரடன். கண்ணியிலும் பள்ளத்திலும் விழுந்து எழுந்து புத்தி கற்றவன். விடிந்ததும் நேரே செதிலியின் வளைக்கு வந்தான்.

"வெளியே வா தங்கச்சி! அங்கே ஒருத்தி உயிரை விடப் போறா. நீ இங்கே உருண்டை பிடிச்சுக்கிட்டு இருக்கே!"

"எனக்குக் கதை வரலை அண்ணே," என்று உருண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேரம் பேசலாம் வா. அந்தப் பெரிய கறையான் புற்றை நான் உடைச்சுத் தர்றேன். நீ எனக்கு மட்டும் கதை சொல்லு. நல்லாயிருக்குன்னும் சொல்ல மாட்டேன், நல்லாயில்லைன்னும் சொல்ல மாட்டேன். சம்மதமா?"

உருண்டை லேசாகப் பிரிந்தது. "முதல்ல கறையான்."

"ஆசையைப் பாரு! முதல்ல கதை."

"பாதிக் கறையான், அப்புறம் கதை, அப்புறம் மீதிக் கறையான்."

"அட, என்கிட்டயேவா! சரி, ஒழிஞ்சு போ, ஒத்துக்கிட்டேன்."

செதிலி வயிறு நிரம்பச் சாப்பிட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். "ஒரு காட்டில்..."

"நிறுத்து! தொடக்கத்தை இன்னும் எத்தனை தடவை நக்கிக்கிட்டு இருப்பே? சுழியிலேருந்து சொல்லு!"

"அசிங்கமா வருமே அண்ணே."

"வரட்டும்! நான் கிழங்கு தோண்டறப்ப முதல்ல மண்ணுதான் வருது. அப்புறம் கல்லு, வேரு. அதுக்காக மூக்கைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா கிழங்கு யாருக்கு? கோணலாவே சொல்லு. சொன்னதை நிமிர்த்தலாம். சொல்லாததை எப்படி நிமிர்த்துவே?"

செதிலி திக்கித் திணறிச் சொன்னாள். ஓர் இடத்தில் முரடனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முதுகு வளையத் தொடங்கியது. உடனே அவன் மூக்கை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டான். பேச்சு என்றால் பேச்சு!

கன்று சுழியைத் தாண்டியது. தூரத்தில் ஒரு கரை தெரிந்தது.

"போதும். இங்கேயே நிறுத்து," என்றான் முரடன்.

"இப்பத்தானே வருது!"

"அதனாலதான். கிழங்கோட தலை தெரிஞ்சதும் நான் நிறுத்திடுவேன். நாளைக்கு வந்ததும் எங்கே தோண்டறதுன்னு முழிக்க வேண்டாம் பாரு."

இப்படியே தினமும் விடியலில் கொஞ்சம் கறையான், கொஞ்சம் கதை. ஒரு காலையில் செதிலி அழுதுவிட்டாள்.

"கன்று செத்தா நாச்சி அக்கா தாங்க மாட்டா. அம்மாகிட்டத் திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னா, அது பொய்னு அவளுக்குத் தெரியும். நான் என்ன செய்வேன்? இதுக்குப் பயந்துதான் அண்ணே தொடக்கத்தையே சுத்திக்கிட்டு இருந்தேன்."

முரடனின் கோபம் எங்கேயோ போய்விட்டது. மெதுவாக அவள் பக்கத்தில் படுத்தான்.

"நாச்சியைப் பார்க்காதே. குரங்கைப் பார்க்காதே. என்னையும் பார்க்காதே. கன்றைப் பாரு. அது எங்கே போகுதோ, கூடவே போ. அவ்வளவுதான்."

அன்று மாலை மந்தை கிளம்பியது. நாச்சி குளக்கரையிலேயே நின்றாள். செதிலி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

கதை சொன்னாள். கட்டை போய்த் தட்டியது ஒரு தெரியாத கரை. கன்று நடுங்கிக்கொண்டே இறங்கியது. அம்மா என்று கூப்பிட்டது. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டது. கடைசியில் பசித்தது. குனிந்து புல்லைக் கடித்தது. அதோடு கதை முடிந்தது.

"நடுவில் மழை ரொம்ப நீளம்!" என்றது மயில்.

"ஆமாம், நாளைக்குக் குறைச்சுடறேன்," என்றாள் செதிலி. அவள் சுருளவில்லை. அவள் கண் நாச்சியின் மேலேயே இருந்தது.

நாச்சி செதிலியின் அருகே வந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் புல்லு இளசா இருந்துச்சா?"

"ரொம்ப இளசு அக்கா."

"என் கன்று எங்கேன்னு எனக்குத் தெரியாது, செதிலி. ஆனா இத்தனை நாளும் கண்ணை மூடினா அது தண்ணியிலேயே கிடந்து தத்தளிச்சுது. இன்னிக்குத்தான் கரை ஏறியிருக்கு."

நாச்சி குளத்தில் வயிறாரத் தண்ணீர் குடித்தாள். பிறகு மந்தை போன திசையில் தடதடவென்று ஓடினாள். செந்நாய்கள் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

எவ்வளவு அழகாகத் தொடங்கினாலும் முடிக்காத கதை யாரையும் கரை சேர்க்காது. ஆகவே போதும் உங்கள் சாக்கு, யாரோ ஒருவர் அந்த முடிவுக்காகச் சாப்பிடாமல் நிற்கிறார், இன்றைக்கே உட்கார்ந்து கோணலோ மாணலோ எழுதி முடியுங்கள்!